'ஓடிக்கொண்டுதான் இருக்கிறது' என்னும் பொய்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலோ திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையிலோ உள்ள ஏதேனும் ஒரு நிறுவனத்தின் கணினி அறைப் பொறுப்பாளரிடம், "உங்கள் சர்வர் எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "ஓடிக்கொண்டுதான் இருக்கிறது" என்று பதில் வரும். எந்தச் சான்றை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் மனிதர் முறைப்பார். ஏனெனில் அது தகவல் அன்று, நம்பிக்கை. இன்னும் கண்டிப்பாகச் சொன்னால், 'இதுவரை யாரும் தொலைபேசியில் அழைத்துத் திட்டவில்லை' என்பதன் இடக்கரடக்கல்.

அண்மையில் நண்பர்கள் சிலர் கூடிப் பேசியபோது, வழங்கிகளைப் பராமரிப்பது அனுபவசாலியின் கைப்பக்குவம், அதற்கெல்லாம் சோதனை நிரல் எழுதிக்கொண்டிருப்பது வேலையற்ற வேலை என்ற கருத்து மிகுந்த உறுதியுடன் சொல்லப்பட்டது. அதை மறுக்கவே இக்கட்டுரை. ஒரு வழங்கி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது ஒருவருடைய தலைக்குள் இருக்கக் கூடாது, எழுத்தில் இருக்க வேண்டும். அந்த எழுத்தை இயந்திரமே படித்து, வழங்கியோடு ஒப்பிட்டு, நாள்தோறும் பொருந்துகிறது அல்லது பொருந்தவில்லை என்று சொல்ல வேண்டும். மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களுக்குப் பல்லாண்டுகளாகச் செய்துவருவது இது. அந்த நிரல்கள் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்பதே என் கேள்வி.

தமிழ் வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, கணினி அறிவியல் படிக்க வருகிற பிள்ளைகளும் முதற்பகுதித் தமிழுக்கு என்னைப் போன்றவர்களிடம்தான் வந்து அமர்கிறார்கள். பொன்னேரி, கவரைப்பேட்டை, ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் அவர்களில் பலர், பட்டம் வாங்கியபின் இந்தத் தொழிற்சாலைகளின் கணினி அறைகளில் ஒப்பந்தக்காரர் மூலமாக இரவுப்பணிக்குப் போகிறார்கள். அவர்கள் வந்து சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. இரண்டாவது பதில் எனக்கு இன்னும் முக்கியமானது. இது அடிப்படையில் பதிப்பாசிரியரின் சிக்கல். நம் துறைக்காரர்கள் நூறாண்டுக்கு மேலாகக் கையாண்ட சிக்கல்.

ஏட்டுச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது. காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு தெரியாது. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஒரே உருவம். ஒரு பிரதியைப் பார்த்து மறுபிரதி, அதைப் பார்த்து மூன்றாம் பிரதி என்று இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் சிறு பிழை ஒன்று நுழையும். பெயர்த்தெழுதியவர் அறிவிலி அல்லர். பெரும்பாலும் நல்ல புலமையுள்ளவர்தாம். சிக்கலே அங்குதான். புலமையுள்ளவர் தமக்குச் சரியென்று பட்டதைத் 'திருத்தி'யும் வைப்பார். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றுமுன் செய்த மாபெரும் உழைப்பு, கிடைத்த பிரதிகளையெல்லாம் வரிவரியாக ஒப்புநோக்கியது. அவர் எந்தப் பிரதியையும், அது எவ்வளவு பெரிய மடத்திலிருந்து வந்திருந்தாலும், ஒப்பிடாமல் நம்பவில்லை.

இனி வழங்கிகளுக்கு வாருங்கள். ஒரே நாளில், ஒரே முறையில் நிறுவப்பட்ட மூன்று வழங்கிகள். ஒன்றில் நள்ளிரவு அவசரத்துக்கு ஓர் அமைப்புக் கோப்பு திருத்தப்படுகிறது. இன்னொன்றில் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் பாதியில் நின்றுவிடுகிறது. மூன்றாவதில் முன்பு இருந்த ஊழியர் ஏதோ ஒரு காரணத்துக்காகத் திறந்துவிட்ட போர்ட் இன்னும் திறந்தே இருக்கிறது. ஆறு மாதத்தில் மூன்றும் மூன்று பாடங்கள். எதையும் யாரும் குறித்துவைக்கவில்லை. அமெரிக்காவின் நைட் கேபிடல் என்னும் பங்கு வர்த்தக நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று கண்டது இதைத்தான். எட்டு வழங்கிகளில் ஏழுக்குப் புதிய நிரல் போய்ச் சேர்ந்தது, எட்டாவதில் பழையதே தங்கிவிட்டது. சந்தை திறந்ததும் அந்த எட்டாவது சுவடி தன் பழைய பாடத்தை ஓத ஆரம்பித்தது. சுமார் 45 நிமிடங்களில் ஏறத்தாழ 44 கோடி டாலர் இழப்பு. எட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் நான்கு வரி நிரல் ஒன்று இருந்திருந்தால் போதும்.

பதிப்பாசிரியருக்கு இல்லாத ஒரு வசதி வழங்கி நிர்வாகிக்கு உண்டு. கபிலரின் கையெழுத்துப்படி நமக்குக் கிடைக்காது. வழங்கியின் மூலப்பாடத்தையோ நாமே எழுதிவைத்துக்கொள்ளலாம். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்ஜஸ் 1993இல் தொடங்கிய சிஎஃப்எஞ்சின், 2005இல் வந்த பப்பெட் ஆகியவை இந்த எண்ணத்திலிருந்து பிறந்தவையே. இயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்தால் அவை அந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தும். 2013இல் வந்த சர்வர்ஸ்பெக் போன்ற கருவிகள் அடுத்த படியை எடுத்து வைத்தன. எதையும் மாற்றாமல், வெறுமனே உள்ளே சென்று, எழுதியதும் இருப்பதும் ஒன்றுதானா என்று ஒப்புநோக்கிவிட்டு வருவது அவற்றின் வேலை. இவை பெரும்பாலும் விலையின்றிக் கிடைப்பவை. ஆகவே காசு இல்லை என்பதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

நம் வட்டாரத்தில் இதற்கு என்ன அவசரம் என்று கேட்கலாம். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிறார்கள், கம்பி இழுக்கிறார்கள். உலைக்குக் கணினி எதற்கு? உலைக்கு வேண்டாமென்றே வைத்துக்கொள்வோம். உருக்கிய கம்பி வாயிற்கதவைத் தாண்ட வேண்டுமே. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போக 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் கட்டாயம். எளாவூரைத் தாண்டினால் ஆந்திரம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் பிற நிறுவனங்களுக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் போட வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் விதி. எடைமேடையில் லாரி ஏறியதும் எடை கணினிக்குப் போகிறது, அங்கிருந்து விலைப்பட்டியல், அங்கிருந்து அரசின் தளம், அங்கிருந்து ஓர் எண் திரும்பி வர வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் லாரிகள் வாயிலில் வரிசை கட்டும். ஓட்டுநர்கள் தேநீர்க்கடையில் காத்திருப்பார்கள். காத்திருக்கும் நேரத்துக்கு அவர்களுக்கு யாரும் கூலி தருவதில்லை.

இத்தனையும் ஒரு மூலையில் ஓடும் இரண்டு அல்லது மூன்று வழங்கிகளை நம்பி நடக்கிறது. அவற்றின் நலம் எப்படி உறுதிசெய்யப்படுகிறது? ஒரு பதிவேட்டால். மாதம், தேதி, 'பேக்கப் எடுக்கப்பட்டது', ஒரு டிக் குறி, கையொப்பம். தரச்சான்றிதழ்த் தணிக்கை வருவதற்கு முந்தைய மாலையில் நான்கு மாதத்து டிக் குறிகளும் ஒரே பேனாவால் ஒரே அமர்வில் போடப்படுவதை என் பழைய மாணவர் ஒருவர் வேடிக்கையாக விவரித்திருக்கிறார். சுவடியின் இறுதியில் 'பார்த்து எழுதி முடிந்தது' என்று எழுதியவர்கூட ஏட்டை ஒருமுறை புரட்டியிருப்பார்!

காப்புநகல் எடுக்கப்பட்டதா என்பது தவறான கேள்வி என்பதை 2017 ஜனவரி 31 அன்று உலகமே பார்த்துக்கொண்டிருக்க மெய்ப்பித்தது கிட்லேப் நிறுவனம். களைத்துப்போன பொறியாளர் ஒருவர் வேறொரு வழங்கியில் என்றெண்ணி முதன்மைத் தரவுத்தளத்தின் அடைவை அழித்துவிட்டார். அழிந்தது ஏறத்தாழ 300 கிகாபைட். அந்நிறுவனத்திடம் காப்புநகலுக்கு ஒன்றல்ல, ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. நாள்தோறும் எடுக்கப்பட்டு வந்ததாக நம்பப்பட்ட நகலைத் தேடிப் போனால் அங்கே ஒன்றுமில்லை. நகலெடுக்கும் மென்பொருளின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் வேறு வேறு, ஆகவே ஒவ்வொரு நாளும் அது தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களாவது வந்தனவா? அவையும் உரிய கையொப்பம் இல்லாததால் பெறும் இடத்திலேயே நிராகரிக்கப்பட்டு வந்திருக்கின்றன. வேறொரு வேலைக்காகத் தற்செயலாக ஆறு மணிநேரம் முன்பு எடுத்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. இவையனைத்தையும் மறைக்காமல் வெளியிட்டார்கள் என்பதற்காக அவர்களை மதிக்கிறேன். நம் ஊரில் இப்படி நடந்திருந்தால் நமக்குத் தெரிந்தே இருக்காது.

அண்டையிலேயே இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. இலங்கை அரசின் மேகக் கணிமை அமைப்பு 2023 ஆகஸ்டில் பணயத்தொகை கேட்கும் தீநிரலால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் மீளவில்லை. அந்தக் காலத்துக்கு மீட்கத்தக்க காப்புநகல் இல்லை என்பது தாக்குதலுக்குப் பிறகே வெளிப்பட்டது. மூன்று மாதத்துக்கு மேலான இடைவெளி! நாள்தோறும் 'நேற்றைய நகல் எங்கே, அதை விரித்தால் விரிகிறதா?' என்று கேட்கும் நிரலொன்று மே 18 அன்று காலையிலேயே கூவியிருக்கும்.

இதே தொழிற்பேட்டைகளில் நீராவிக் கொதிகலனை நாம் எப்படி நடத்துகிறோம் என்று பாருங்கள். 1863இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பலர் மாண்டனர். மறு ஆண்டே வங்காளத்தில் ஆய்வுக்கான சட்டம் வந்தது. பின்னர் 1923இல் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டம், அதனிடத்தில் இப்போது 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம். கொதிகலன் 'ஓடிக்கொண்டுதான் இருக்கிறது' என்று சொல்லி எந்த முதலாளியும் ஆய்வாளரிடமிருந்து தப்ப முடியாது. சான்றிதழுக்குக் காலவரம்பு உண்டு, அது முடிந்தால் மீண்டும் ஆய்வு. அந்த ஆய்வில் நீரழுத்தச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. கொதிகலனை நீரால் நிரப்பி, அது வழக்கமாகத் தாங்கும் அழுத்தத்துக்கும் மேலாக ஏற்றிப் பார்ப்பார்கள். ஏன் நீராவியால் செய்யாமல் நீரால் செய்கிறார்கள்? நீர் அமுங்காது. ஆகவே சுவர் விட்டுக்கொடுத்தாலும் வெடிப்பு நேராது, கசிவோடு முடியும். பழுதை அது தீங்கு செய்யாத இடத்தில் வைத்து வெளிக்கொணரும் இந்தச் சிந்தனை எனக்கு மிகவும் பிடித்தமானது. காப்புநகலை உதிரிக் கணினி ஒன்றில் விரித்துப் பார்ப்பதும் இதே சிந்தனைதான்.

வழங்கிகளுக்கு இவ்வாறு எதுவுமில்லையா என்றால், சிறிது இருக்கிறது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று ஆணைகள் பிறப்பித்தது. கணினிகளின் கடிகாரங்கள் குறிப்பிட்ட நேர வழங்கிகளோடு ஒத்திசைய வேண்டும், செயற்பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்பு மீறல் நேர்ந்தால் 6 மணிநேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நல்லது. ஆனால் என் மாணவர்களிடம் விசாரித்தால், இந்த ஆணையின் அச்சுப்படி கோப்பில் இருக்கிறது, கடிகாரம் ஏழு நிமிடம் பிந்தி ஓடுகிறது என்கிறார்கள். ஆணையின் ஒவ்வொரு வரியும் நேரடியாகச் சோதனையாக எழுதத்தக்கது என்பதுதான் வேடிக்கை. கடிகார வேறுபாடு ஒரு நொடிக்குள் இருக்க வேண்டும். மிகப் பழைய செயற்பதிவின் வயது 180 நாளுக்குக் குறையக் கூடாது. இவ்வளவுதான். இதை எழுதத் தெரிந்த பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

சோதனை என்றால் என்னவென்று இலக்கிய வாசகர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். அது ஒரு வாக்கியம். 'வெளியிலிருந்து பார்க்கும்போது 443ஆம் போர்ட் திறந்திருக்கிறது' என்பது ஒன்று. 'வெளியிலிருந்து 3306ஆம் போர்ட் திறக்கவில்லை' என்பது இன்னொன்று. தரவுத்தளம் வழக்கமாக உட்கார்ந்திருக்கும் வாசல் அது. உடன்பாட்டை மட்டும் சோதிப்பவர்கள் அதிகம், எதிர்மறையைச் சோதிப்பவர்கள் அரிது. ஆனால் திருடன் வருவது எதிர்மறையில்தான். பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாக இன்னும் 15 நாளுக்கு மேல் இருக்கிறது என்பது மற்றொரு வாக்கியம். அற்பமாகத் தோன்றும் இந்த வாக்கியத்தை உரிய இடத்தில் எழுதாததால் 2018 டிசம்பர் 6 அன்று எரிக்சன் நிறுவனத்தின் மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியாகி, பிரிட்டனில் ஓடூ நிறுவனத்தின் 3 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் இணையத் தொடர்பு பாதிக்கப்பட்டது. இணையச் சான்றிதழ்களின் ஆயுளை 2029க்குள் 47 நாளாகக் குறைப்பதென்று 2025 ஏப்ரலில் உலகச் சான்றளிப்பு நிறுவனங்களும் உலாவி நிறுவனங்களும் முடிவெடுத்துவிட்டன. நாட்காட்டியில் வட்டம் போட்டு நினைவு வைத்துக்கொள்ளும் கைப்பக்குவம் அதோடு முடிந்தது.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றினும் முக்கியமான சோதனை வேறு. தமிழை உள்ளே போட்டால் தமிழே வெளியே வருகிறதா? சிரிக்காதீர்கள். மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளத்தில், 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை, இயல்பான எழுத்துமுறை லத்தீன்-1. தமிழின் ஒவ்வோர் எழுத்துக்குறியும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் எடுத்துக்கொள்வது. லத்தீன்-1இல் அவற்றுக்கு இடமே கிடையாது. பழைய வழங்கியிலிருந்து புதியதற்குத் தரவை மாற்றும்போது இந்த அமைப்பைக் கவனிக்காமல் விட்டால் இரண்டில் ஒன்று நேரும். மூன்று பைட்டுகளும் மூன்று தனி எழுத்துகளாகப் பிரிந்து கிறுக்கலாகத் தெரியும். இதை முயன்றால் மீட்டுவிடலாம். அல்லது ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியின் இடத்திலும் ஒரு கேள்விக்குறி வந்து உட்காரும். இதற்கு மீட்சி இல்லை. ககரத்துக்கும் றகரத்துக்கும் ஒரே கேள்விக்குறி என்றால் எதிலிருந்து எதை மீட்பது? ஏட்டைச் செல் அரித்தாலாவது ஓரத்தில் நாலு எழுத்து எஞ்சும்.

இப்போது கண்காணிப்பு மென்பொருள் என்ன சொல்லும் என்று யோசியுங்கள். வழங்கி உயிரோடு இருக்கிறது, தரவுத்தளம் பதில் தருகிறது, பக்கம் அரை நொடியில் வருகிறது. எல்லாம் பச்சை. பக்கம் முழுவதும் கேள்விக்குறிகள்! 1999 முதல் நாகியோஸ் போன்ற கண்காணிப்பிகள் இருக்கும்போது சோதனை எதற்கு என்று கேட்ட நண்பருக்கு இதுவே என் விடை. மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பது கண்காணிப்பு. அறிவு தெளிவாக இருக்கிறதா என்று பெயர் கேட்டு, ஊர் கேட்டுப் பார்ப்பது சோதனை.

எதிர்வாதங்களில் ஒன்றை மதிக்கிறேன். சோதனையே பிழையாக இருந்தால்? 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸாப்பும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் உலகெங்கும் மறைந்தன. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு வலையமைப்பையே துண்டித்துவிட்டது. அத்தகைய கட்டளைகளைத் தடுக்கவென்றே ஒரு தணிக்கைக் கருவி இருந்தது, அதில் பிழை இருந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் இற்றைப்படுத்தல் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தி, நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய பயண அட்டைகள் கொடுக்கப்பட்டபோதும், சரிபார்க்கும் நிரலின் பிழையே அந்தக் கோப்பைக் கடக்கவிட்டது. ஆகவே சோதனை வீண் என்பார்கள் நண்பர்கள். அச்சுப்படி திருத்துபவர் சில பிழைகளை விட்டுவிடுகிறார் என்பதற்காகத் திருத்தாமலே நூலை அச்சிடுவீர்களா? சோதனையைச் சோதிக்க வழி உண்டு. உதிரி வழங்கியில் ஒரு சேவையை வேண்டுமென்றே நிறுத்துங்கள். சோதனை சிவப்பாகாவிட்டால் அது சோதனை அன்று, அலங்காரம். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் உலகுக்கு அறிவித்த 'கேயாஸ் மங்கி' இந்தக் குறும்பையே தொழிலாகச் செய்யும் நிரல்.

இன்னோர் எதிர்வாதம், 'ஓடுகிற வண்டியில் கை வைக்காதே' என்பது. இது கைப்பக்குவக்காரர்களின் வேதவாக்கு. இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. கை வைக்காமலே சான்றிதழ் காலாவதியாகும், வட்டு நிரம்பும், தாக்குபவன் வருவான். வண்டி நிற்கும் இடம் மட்டும் நம் கையில் இருக்காது.

பிள்ளைகளின் வேலை போய்விடும் என்பது மூன்றாவது வாதம். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு மணிநேரப் பணி கொடுப்பவர்கள் என்பது தற்செயலா என்று தெரியவில்லை. நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் மாணவர் ஒருவர், பெயர் வேண்டாம், ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த முறையில் இரண்டாண்டு வழங்கிகளைக் கவனித்துவந்தார். இரவுதோறும் காப்புநகல் எடுக்கும் நிரல் அவர் வருவதற்கு முன்பே யாரோ எழுதியது. எது நடந்தாலும் இறுதியில் 'வெற்றி' என்று அச்சிடும்படி எழுதப்பட்டது. வெளிவட்டு நிரம்பிப்போன பிறகும் அது வெற்றி, வெற்றி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நகலை விரித்துப் பார்க்க ஓர் உதிரிக் கணினி வேண்டும் என்று அவர் இரண்டு முறை கேட்டார், வாயால் கேட்டார். பட்ஜெட் இல்லை என்றார்கள், வாயால் சொன்னார்கள். ஒருநாள் கணக்குப் பிரிவின் வட்டு பழுதானது. நகல் இல்லை. அன்று மாலையே அவர் வெளியே அனுப்பப்பட்டார், கடைசி மாதச் சம்பளமும் வரவில்லை. "ஐயா, நான் சொன்னேன்னு நிரூபிக்க எங்கிட்ட ஒரு வரிகூட இல்லை" என்றார் என்னிடம். பதிவேட்டில் இருந்தவை அவருடைய டிக் குறிகள் மட்டுமே.

சோதனை நிரல் அவருடைய வேலையைப் பறித்திருக்காது. அவருக்காகச் சாட்சி சொல்லியிருக்கும். இன்ன தேதியிலிருந்து நகல் விரியவில்லை, இன்ன தேதியில் மேலாளருக்கு அறிக்கை போனது என்று தேதியிட்டு அடுக்கியிருக்கும். அறிவு ஒருவர் தலையில் இருக்கும்வரை பழியும் அவர் தலையில்தான் விழும். கைப்பக்குவத்தைப் புகழ்பவர்கள் இதை ஏன் பேசுவதில்லை?

பெரிய அளவில் இதையே வேறொரு துறையில் பார்த்தோம். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு ரயில், நம் கும்மிடிப்பூண்டித் தடம் வழியாக வந்து சேர வேண்டிய ரயில், கிளைத்தடத்தில் நின்ற சரக்கு ரயிலில் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிக்னல் சுற்றில் முன்பு செய்யப்பட்ட மாற்றத்திலும், லெவல் கிராசிங் தடுப்பை மாற்றும் பணியிலும் நேர்ந்த குறைபாடுகள் தவறான சிக்னலுக்குக் காரணமாயின என்று விசாரணை கண்டது. மாற்றிய பின் முழுச் சுற்றையும் விதிப்படி ஒப்புநோக்கியிருந்தால் அந்தக் கம்பி இணைப்பு அகப்பட்டிருக்கும் என்பது என் துணிபு. ஜூலையில் மூன்று ரயில்வே ஊழியர்கள் கைதானார்கள். மூவரும் களத்தில் நின்றவர்கள்.

இலக்கிய உலகத்துக்கு வருகிறேன். வாசகர்கள் இதுவரை வேறு யாருடைய கதையையோ படிப்பதாக நினைத்திருக்கலாம். 2009 அக்டோபரில் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது, அங்கே இலவச இடத்தில் குடியிருந்த தமிழ்ப் பக்கங்களும் சேர்ந்தே போயின. திஸ்கியிலும் வேறு வேறு எழுத்துருக்களிலும் தட்டச்சிட்ட கதைகள், கவிதைகள், சண்டைகள். சண்டைகளும் இலக்கிய வரலாறே. மாறாக, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நிலைத்து நிற்கிறது. தன்னார்வலர் உழைப்பு ஒரு காரணம். நூல்கள் எளிய கோப்புகளாக, யாரும் படியெடுத்துக்கொள்ளும்படி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தது இன்னொரு காரணம். பணமும் அதிகாரமும் உள்ளவர்கள் பாதுகாப்பார்கள் என்று நினைத்தால், 2025 செப்டம்பரில் தென்கொரிய அரசின் தேஜான் தரவு மையத்தில் பற்றிய தீயை நினைத்துக்கொள்ளுங்கள். அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகளுக்கு வேறிடத்தில் நகல் இல்லை. அளவு மிகப் பெரிது என்று விட்டுவிட்டிருந்தார்கள்.

தமிழில் இணைய இதழ் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் இதழின் காப்புநகலைக் கடைசியாக எப்போது வேறொரு கணினியில் விரித்துப் படித்துப் பார்த்தீர்கள்? 'நம்ம பையன் பார்த்துக்கொள்கிறான்' என்பது பதில் அன்று. அந்தப் பையனுக்கு நாளை பெங்களூரில் வேலை கிடைக்கும். கடவுச்சொல் அவனோடு போகும்.

என் மாணவர் இப்போது வேறிடத்தில் வேலை செய்கிறார். முதல் வாரத்திலேயே சோதனை வாக்கியங்களைக் கோப்பொன்றில் எழுதத் தொடங்கிவிட்டார். ஞாயிறு பின்னிரவில் காப்புநகல் உதிரிக் கணினி ஒன்றில் தானாகவே விரிகிறது. வரிசைகளின் எண்ணிக்கை சரிபார்க்கப்படுகிறது. 'ஸ்ரீபெரும்புதூர்' என்னும் ஊர்ப்பெயர் உள்ளே போட்டபடியே வெளியே வருகிறதா என்றும் பார்க்கப்படுகிறது. அந்தப் பெயரை அவர் தேர்ந்தது வீண்போகவில்லை. யூனிகோடில் 'ஸ்ரீ' என்பதை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம், 2005இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை இரு வேறு பாடங்கள். அவருடைய நிறுவனத்தின் தரவுத்தளத்தில் ஒரே லாரி நிறுவனம் அந்த இரண்டு பாடங்களிலும் தனித்தனியே பதிவாகி, இரண்டு கணக்குகளாக நிற்கிறது. அந்த ஒரு சோதனை இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. எந்தப் பாடத்தைக் கொள்வது என்று என்னைக் கேட்டிருக்கிறார். தொடக்கத்திலிருந்தே ஸகரம்தான் அங்கே மிகுதி, அதையே வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைப் பாடபேதமாகக் கோப்பில் குறித்துவையுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.